ஊட்டி ஜெட், சத்தி வெயில்: பழைய யெஸ்டியோடு மைசூருக்கு

நாள் 1: ஊட்டி – மேட்டுப்பாளையம்

காலை ஏழரைக்குக் கிளம்பினேன். பிப்ரவரிப் பனி சீட்டின் மேல் உப்புத் தூவியது போல் உறைந்திருந்தது. கையால் வழித்துவிட்டு, சோக் போட்டு, நாலாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. 1986 மாடல் யெஸ்டி ரோட்கிங். ஒரே சிலிண்டர், ஆனால் இரண்டு பக்கமும் சைலன்சர். கியர் போடும் அதே லீவரை உள்ளே அழுத்தித் தூக்கினால் அதுவே கிக்கர். முதல் சொந்தக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன் என்னிடம் கொடுக்கும்போது, "இது குன்னூரைத் தாண்டிக் கீழே போனதே இல்லை" என்று பெருமையாகச் சொன்னார்.

இந்த வண்டி பிறந்த ஊர் மைசூர். பிறந்த ஊருக்கு ஒருமுறை கூட்டிப் போக வேண்டும் என்று வாங்கிய அன்றே முடிவு செய்துவிட்டேன். கூடலூர், பந்திப்பூர் வழியாக நேராகப் போனால் ஒரே நாள். ஆனால் சத்தியமங்கலத்தில் நண்பன் இருக்கிறான், திம்பம் மலைப்பாதையை ரோட்கிங்கில் ஏற வேண்டும் என்ற ஆசையும் உண்டு. அதனால் மலையிறங்கிச் சுற்றிப் போகிறேன்.

இது டூ ஸ்ட்ரோக் வண்டி. டூ ஸ்ட்ரோக்கில் மலையிறங்குவது நாலு ஸ்ட்ரோக் மாதிரி அல்ல. எஞ்சினுக்குள் தனியாக ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயவு. ஆக்சிலேட்டரை முழுசாக மூடிவிட்டு எஞ்சின் பிரேக்கிலேயே இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும், பெட்ரோல் வராது, அதோடு ஆயிலும் வராது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் தன் டூ ஸ்ட்ரோக் கார்களில் ஃப்ரீவீல் (இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றாமல் விடுவிக்கும் அமைப்பு) வைத்தது இதற்காகத்தான். நான் அரை நிமிடத்துக்கு ஒரு முறை கிளட்ச் பிடித்து லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கொடுத்து இறங்கினேன். ஆயில் லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 1:25.

பர்லியாறு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். கல்லாறு பாக்குத் தோப்புகளுக்குள் நுழைந்தபோது உஷ்ணம் முகத்தில் அடித்தது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை சமதளம். வண்டி பறந்தது! ஊட்டியில் எப்போதும் கொஞ்சம் கனத்த குரலில் பேசும் வண்டி, இங்கே கணீரென்று பேசியது. புகையும் குறைவு. ஒரே ஒரு விஷயம் மட்டும் குறித்து வைக்கிறேன்: ரயில்வே கேட் அருகே ஆக்சிலேட்டரை மூடியபோது ஐட்லிங் உடனே இறங்கவில்லை. இரண்டு மூன்று நொடி உயரத்திலேயே நின்று, அப்புறம்தான் இறங்கியது. கேபிள் ஒட்டுகிறதோ என்னவோ. நாளை பார்க்க வேண்டும்.

நாள் 2: மேட்டுப்பாளையம் – சத்தியமங்கலம் (பாதி தூரம் குட்டியானை மினி லாரியில்)

கேபிளைப் பார்த்தேன். ஆயில் விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. சரி என்று கிளம்பிவிட்டேன்.

சிறுமுகை தாண்டி ஒரு நீண்ட நேர் ரோடு. மணி பதினொன்று இருக்கும். எழுபத்தைந்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே பிடியாகப் போய்க்கொண்டிருந்தேன். எதிர்க்காற்று அடித்தது போல் வண்டி லேசாகத் தொய்ந்தது. காற்று இல்லை, மரங்கள் அசையவில்லை. நான் செய்யக் கூடாததைச் செய்தேன், ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கினேன். மூன்று நொடிகூட இருக்காது. "க்ரீச்" என்று ஒரு வறண்ட சத்தம். பின்சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு ரோட்டில் தேய்ந்தது.

இடது கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால்தான் இதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். சக்கரம் விடுபட்டது, வண்டி ஓரம் வரை உருண்டு நின்றது. திரும்பிப் பார்த்தால் தாரில் ஐந்தாறு அடிக்கு ஒரு கறுப்புக் கோடு. டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: நெடுஞ்சாலையில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்கட்டும்.

கிக்கரைத் தொடவில்லை. சூட்டில் உப்பிய பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வி நிற்கும்போது உதைத்தால், இன்னும் கொஞ்சம் அலுமினியத்தைச் சிலிண்டர் சுவரில் பூசுவோம், அவ்வளவுதான். புளியமர நிழலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். தொடும் சூட்டுக்கு வந்தபின் டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டினேன். ஒரு சின்ன அசைவு, அப்புறம் விடுபட்டது. கையால் கிக்கரை மெதுவாக அழுத்தினேன். கம்ப்ரஷன் இருக்கிறது, ஆனால் பாதிதான்.

ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா என்று மனசு அரித்தது. காரணம் தெரியாமல் ஓட்டினால் அடுத்த பத்து கிலோமீட்டரில் இதே கதைதான். நண்பனுக்கு போன் செய்தேன். அவன் ஒரு குட்டியானையை அனுப்பி வைத்தான்.

நாள் 3: சத்தியமங்கலம், பட்டறையில் முழு நாள்

நண்பன் கூட்டிப் போன பட்டறை, தகரக் கொட்டகை. மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். உடனே ஸ்பானரை எடுக்கவில்லை.

"எந்தூருல இருந்து வர்றீங்க தம்பி?"

"ஊட்டிங்கண்ணே."

"வண்டியும் ஊட்டியேதானுங்களா?"

"ஆமாங்கண்ணே. கீழ வந்ததே இல்லை."

"செரி," என்று மட்டும் சொன்னார். அப்போதே அவருக்குப் பாதி புரிந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தார். சீஸ் ஆன (பிஸ்டன் கவ்வி நின்றுபோன) வண்டியில் நேராக ஹெட்டைக் கழற்றப் பாய்வதுதான் வழக்கம். இவர் வெளியிலிருந்து உள்ளே போனார், அதுதான் எனக்குப் பிடித்தது.

முதலில் பெட்ரோல். டேப்பிலிருந்து ஹோசைப் பிடுங்கி ஒரு பாட்டிலில் ஓடவிட்டார். டேங்க் மூடியைப் போட்டபடியே ஓடவிட்டார் என்பதைக் கவனியுங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் முதல் அரை நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் நூலாகும். நூலாகவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்தார், மோந்து பார்த்தார். ஆயில் அளவு சரி. அடுத்து பாயின்ட் இடைவெளி, டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்). டைமிங் முன்கூட்டி இருந்தாலும் பிஸ்டன் சுடும். அதுவும் சரி. டைனமோ மூடியைக் கழற்றி கிராங்க் ஆயில் சீலைப் பார்த்தார். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் பம்பு. அந்தச் சீல் தேய்ந்தால் வெளிக்காற்று உள்ளே போய் கலவை லீன் ஆகிவிடும் (காற்று கூடிப் பெட்ரோல் குறைந்துவிடும்), கார்புரேட்டரை எத்தனை முறை திருகினாலும் பிடிபடாது. இந்தச் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகைக்கும், என் வண்டியில் அப்படி எதுவும் இல்லை.

பிளக்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார். பீங்கான் மூக்கு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அதன் மேல் மிளகுப்பொடி தூவியது போல் நுண்ணிய புள்ளிகள், சில கறுப்பு, சில வெள்ளி. "அந்த வெள்ளி உங்க பிஸ்டனுங் தம்பி" என்றார். வயிறு கலங்கியது.

அதற்குப் பிறகுதான் ஹெட், சிலிண்டர். பிஸ்டனை எக்சாஸ்ட் பக்கமாகத் திருப்பி வெயிலில் காட்டினார். இந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். பின்பக்கம், அதாவது கார்புரேட்டர் பக்கம், பிஸ்டன் புதுசு மாதிரி மழமழவென்று, மிஷின் போட்ட நுண்கோடுகள்கூட அழியாமல் இருந்தது. முன்பக்கம், இரண்டு எக்சாஸ்ட் ஓட்டைகளுக்கு எதிராக, மேலிருந்து கீழாக உழவு ஓட்டியது போல் கோடுகள். இரண்டு பட்டை. இரண்டாவது ரிங்கின் ஓரத்தில் அலுமினியம் இழுபட்டு ரிங்கைப் பாதி மூடியிருந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது.

காயம் எங்கே என்பதுதான் நோயைச் சொல்கிறது. சுற்றிலும் நாலு மூலையில் கோடு விழுந்திருந்தால், எஞ்சின் சூடாகும் முன் விரட்டியிருக்கிறோம்: பிஸ்டன் வேகமாக விரிந்துவிட்டது, இரும்புச் சிலிண்டர் பின்தங்கிவிட்டது. கார்புரேட்டர் பக்கம் மட்டும் கோடு என்றால் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறதா என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் அரித்த பள்ளமோ ஓட்டையோ இருந்தால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது), அப்போது டைமிங்கும் பிளக்கின் சூட்டு எண்ணும் சந்தேகத்துக்கு உரியவை. எக்சாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் மிதமிஞ்சிய சூடு, ஆயில் படலம் அங்கே முதலில் அறுந்துவிட்டது. ஆயில் அளவு சரி, காற்றுக் கசிவு இல்லை, டைமிங் சரி. மிச்சம் கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும், நுண்துளை போட்ட பித்தளைத் திருகு) எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார். 100.

"இது மலை மேல ஓட்டுற ஜெட்டுங். யாரோ வெவரமானவங்க போட்டிருக்காங்க. மேல இதுதான் கரெட்டு. கீழ இதப் போட்டு வெரட்டுனா எப்புடிங் தாங்கும்?"

அங்கேயே எனக்கு எல்லாம் கோத்துக்கொண்டது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கார்புரேட்டர் பெட்ரோலை அதே அளவுக்குத் தானாகக் குறைத்துக்கொள்ளாது, அதனால் மேலே போகப் போகக் கலவை ரிச் ஆகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடிப்போகும். அதைச் சரிக்கட்டப் பழைய சொந்தக்காரர் சின்ன ஜெட் போட்டு வைத்திருந்தார். முற்றிலும் சரியான வேலை. நான் அந்த ஜெட்டோடு கனத்த காற்றுக்குள் இறங்கினேன். கணக்குப் போட்டால் பத்து சதவீதத்துக்குக் கிட்டத்தட்டப் பெட்ரோல் குறைவு.

அதோடு இன்னொன்று. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். 1986-ல் வந்த கார்புரேட்டருக்கு இது தெரியாது. பழைய பெட்ரோலுக்கு அளந்த ஓட்டை வழியாகவே விடுகிறது, கலவை இன்னும் லீன் ஆகிறது. மலையிறக்கமும் எத்தனாலும் ஒரே பக்கம் தள்ளின.

முதல் நாள் நான் ரசித்த கணீர்க் குரல், குறைந்த புகை, இறங்க மறுத்த ஐட்லிங் எல்லாமே லீன் என்று வண்டி சொன்ன வார்த்தைகள். நான் கேபிளுக்கு ஆயில் விட்டேன். நேற்று ரோட்டில் தொய்ந்ததும் அப்படித்தான். அந்த இடத்தில் ஆக்சிலேட்டரைக் குறைத்து, சோக்கை இழுத்திருந்தால் கலவை ஒரு கணம் ரிச்சாகிப் பிஸ்டன் தப்பித்திருக்கும்.

மதியத்துக்கு மேல் சிகிச்சை. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த அலுமினியத்தைச் சுரண்டவில்லை. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, கையுறை போட்டு, பஞ்சுக் குச்சியால் அந்தப் பட்டைகளில் மட்டும் தொட்டுத் தொட்டு வைத்தார். நுரைத்துக்கொண்டே இருந்தது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும், வார்ப்பிரும்பைத் தொடாது. நுரை நின்ற இடத்தில் அலுமினியம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். கழுவித் துடைத்தால், அடியில் சிலிண்டர் சுவர் காயமில்லாமல் இருந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த நிம்மதி! லேசாக ஹோனிங் போட்டார், அதாவது சுவரை மெல்ல உரசிச் சீராக்கினார். பிஸ்டனில் மேடு தட்டிய இடங்களை மட்டும் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் மெதுவாக இறக்கினார். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தார், இடைவெளி அளவுக்குள் இருந்தது. ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) வேண்டாம், இந்த பிஸ்டனே ஓடும், ரிங் மட்டும் புதுசு. புது ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை அளந்த பிறகுதான் மாட்டினார்.

ஜெட்டுகளை ஒரு மாத்திரை டப்பாவில் வைத்திருந்தார். அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பித்தளை மெத்து, ஒருமுறை குத்தினாலே ஓட்டை பெரிதாகி எண்ணுக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்றார். பெட்ரோலில் ஊறவைத்து ஊதுவார், அவ்வளவுதான். எனக்கு 120 ஒன்றும் 115 ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். "பெருசுல ஆரம்பிச்சு சின்னதுக்கு வாங்க தம்பி. ரிச்சா இருந்தா பிளக்குதான் கறுப்பாகும். லீனா இருந்தா பிஸ்டன் போகும்."

பூட்டி முடித்து ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் தூரிகையால் ஆயில் தடவினார். கசிவு இருந்தால் ஆயில் அதை மூடும், எஞ்சின் வேகம் மாறும். மாறவில்லை. கூலி கேட்டேன். ரிங்குக்கும் ஜெட்டுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார், வேலைக்கு நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்றார்.

நாள் 4: பவானிசாகர், கோபி, மறுபடி சத்தி

புது ரிங் படிய வேண்டும். 120 ஜெட்டோடு நாற்பது, ஐம்பதில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி ஓட்டினேன். பவானிசாகர் அணைப் பக்கம் போய், அப்புறம் கோபி வயல்களுக்கு நடுவில் சுற்றி, மொத்தம் 130 கிலோமீட்டர். கால் மணிக்கு ஒருமுறை நிறுத்திச் சிலிண்டர் ஆற விட்டேன். எழுத வேறு ஒன்றும் இல்லை.

நாள் 5: சத்தியமங்கலம் – திம்பம் – மைசூர்

இரவில் காட்டுக்குள் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு, அதனால் விடிந்தபின் பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டினேன். கோயிலில் ஒரு நிமிடம் நின்றேன்.

திம்பம் பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. கிளம்பும் முன் ஒரு வேலை செய்தேன்: ஆக்சிலேட்டர் பிடியிலும் அதை ஒட்டிய மூடியிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, கால், அரை, முக்கால், முழுசு என்று கோடு போட்டேன். பிரச்சினை எந்தக் கோட்டில் வருகிறதோ அதை வைத்துத்தான் எந்த உறுப்பு என்று சொல்ல முடியும். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால் வரை ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேலேதான் மெயின் ஜெட். மெயின் ஜெட்டை மாற்றிவிட்டு ஐட்லிங் சரியாகவில்லையே என்று குழம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கீழ் வளைவுகளில் வண்டி சுகமாக ஏறியது. இருபதாவது வளைவைத் தாண்டியபின், முக்கால் கோட்டுக்கு மேல் முறுக்கினால் விட்டு விட்டு அடித்தது. டூ ஸ்ட்ரோக்கின் "ர்ர்ர்" போய், நாலு ஸ்ட்ரோக் மாதிரி "டப் டப்" என்று. காற்று மெலிகிறது, 120 ரிச் ஆகிறது. போன தடவை கேட்கத் தவறிய பாஷை இப்போது காதில் தெளிவாக விழுந்தது. கொஞ்சம் மூடினால் சரியாகிவிடும், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆசனூரில் சிலிண்டர் ஆற நிறுத்தியபோது, ரோட்டோரம் மூங்கிலுக்குள் கிளை ஒடியும் சத்தம். பத்து நிமிடம் நிற்கலாம் என்று நினைத்தவன் இரண்டு நிமிடத்தில் கிளம்பிவிட்டேன்.

சாம்ராஜ்நகர் தாண்டிய பிறகும், அந்தச் சமவெளியிலும் முழு ஆக்சிலேட்டரில் அதே தடுமாற்றம் லேசாக இருந்தது. நஞ்சன்கூடுக்கு முன்னால் வண்டிகள் குறைவான ஒரு நேர் ரோட்டில் ஓரம் கட்டி, 115 போட்டேன், புது பிளக் மாட்டினேன். டாப் கியரில் முழு ஆக்சிலேட்டர், ஒரு கிலோமீட்டர். இடது கை விரல்கள் கிளட்சில். அப்படியே கிளட்ச் பிடித்து, அதே நொடியில் சாவியை ஆஃப் செய்து, உருண்டு போய் நின்றேன். ஐட்லிங்கில் ஓடவிட்டு நிறுத்தினால் பிளக் ஐட்லிங் கதையைத்தான் சொல்லும், மெயின் ஜெட் கதையைச் சொல்லாது.

துணியால் பிடித்துப் பிளக்கைக் கழற்றினேன். பீங்கானின் அடியில், ஆழத்தில், மெல்லிய ஒரு வளையம். பால் கம்மியாக விட்ட காபி நிறம். வெள்ளிப் புள்ளி ஒன்றுகூட இல்லை. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அந்த ரோட்டோரத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

மாலை நாலரைக்கு மைசூர். யாதவகிரிப் பக்கம் போனேன். ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் உற்பத்தியைத் தொடங்கிய இடம். செக் நாட்டு ஜாவாவாக ஆரம்பித்து, 1973 முதல் யெஸ்டி என்ற பெயர். 1996-ல் மூடிவிட்டார்கள். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். நடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் நின்று, கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். கன்னடத்தில் ஏதோ கேட்டார், எனக்குப் புரியவில்லை. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தார்.

நாளை பந்திப்பூர் வழியாக வீடு. இரவு 9 முதல் காலை 6 வரை அந்தக் காட்டில் வண்டி விடமாட்டார்கள், பகலில்தான் தாண்ட வேண்டும். 100 ஜெட்டை எத்தனாலுக்கு இடம் விட்டு 105 ஆக்க வேண்டும், அது ஊட்டியில் தேடினால் கிடைக்கும். அதுவரை 115 ரிச்சாகவே இருக்கட்டும், கறுத்த பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம். சைடு பாக்ஸ் மூடியின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதிவிட்டேன்: ஊட்டி 105, மைசூர் 115, சத்தி 120. இந்த வண்டி எனக்கு அடுத்து யார் கைக்குப் போனாலும் அவர்கள் கண்ணில் படும்.